நாலு கிடாரும் ஓலீட்டாவும்

ஓலீட்டா மாரெக்கிடம் முடி திருத்திக்கொள்ளப் போகிறவர்கள் ஒரு பேச்சை மட்டும் எடுக்கக் கூடாது. "சனிக்கிழமை டான்ஸ்ல உன் கிடார் என்னமாப் பாடிச்சு!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால், காதுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கத்தரி அப்படியே நின்றுவிடும்.

"கிடார் பாடல. நான் வாசிச்சேன்" என்பாள்.

அதற்கப்புறம் அந்தத் தலை எப்படி வெளியே போகும் என்பது சொன்னவரின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

ஆஸ்டினுக்குத் தென்கிழக்கே, லா கிரேஞ்சுக்கும் ஷூலன்பர்க்குக்கும் நடுவில், பருத்திக் காடுகளுக்கு மத்தியில் இருக்கிறது எங்கள் ஊர்ச் சங்கத்தின் லாட்ஜ் ஹால். வாரா வாரம் அங்கே நடனம். ஓலீட்டாவின் புருஷன் ஆல்வின் அக்கார்டியன் வாசிப்பான்; ஓலீட்டா பெடல் ஸ்டீல். அது மற்றக் கிடார்களைப் போல மார்பில் அணைத்துக்கொள்கிற சாமான் இல்லை. நாலு கால் வைத்த மேஜை மாதிரி முன்னால் நிற்கும். மேலே பத்துத் தந்தி. இடது கையில் எஃகு உருளை, வலது கை விரல்களில் உலோக நகங்கள். சுரத்தை ஏற்றி இறக்கும் பெடல்களில் இடது கால், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலில் வலது கால், அடியில் தொங்கும் லீவர்களில் இரண்டு முட்டிகள். வாசிக்கும்போது உடம்பில் சும்மா இருப்பது வாய் ஒன்றுதான். ஓலீட்டா அதையும் சும்மா விட்டதில்லை. ஆல்வின் தாளம் தப்பினால் அங்கேயே, மைக்கில் விழுகிறமாதிரியே திட்டுவாள்.

அவளுடைய கிடார் பழைய ஜாதி. நாங்கள் அதைத் தள்ளு-இழு என்போம். சுரத்தை ஏற்ற உள்ளே தண்டு இழுக்கும், இறக்கத் தள்ளும். தந்தி சும்மா இருக்கும் நேரத்தில் அதன் அடிப்பிடி கிடாரின் உடம்போடு கெட்டியாக ஒட்டி நிற்கும். அதனால் ஒரு சுரத்தைத் தட்டிவிட்டால் ஹாலின் கடைசி பெஞ்சு வரைக்கும் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் அதைச் சுதி சேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஒரு திருகைத் தொட்டால் இன்னொன்று கெடும். அதைச் சரிசெய்தால் முதல் திருகு மறுபடி முறுக்கிக்கொள்ளும். ஒவ்வொரு நடனத்துக்கு முன்னாலும் ஓலீட்டா கவுனைச் சுருட்டிக்கொண்டு மேடையில் மல்லாந்து படுத்து, திருப்புளியும் வாயில் டார்ச்சுமாக அதன் வயிற்றுக்குள் தலையை விட்டிருப்பாள். அதைப் பார்த்த எந்த ஆம்பளையும் "நான் பண்ணட்டுமா?" என்று இரண்டாவது தடவை கேட்டதில்லை.

அப்படியும் பேர் என்னவோ கிடாருக்குத்தான் போனது. அதற்குக் காரணம் டப் ஹார்கிஸ்.

டப், டிராக்டர் கம்பெனியில் உதிரிபாகம் விற்கிறவன். தானும் ஸ்டீல் வாசிப்பான், சுமாராக. ஆனால் காது இருக்கிறதே, அந்தக் காதைக் குறை சொல்ல முடியாது. ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டே உள்ளே வாசிப்பது எந்தத் தயாரிப்பு, உடம்பு மரமா பிளாஸ்டிக் தகடு ஒட்டியதா, தந்தி புதுசா பழசா என்று சொல்லிவிடுவான். ஓலீட்டாவை யாராவது புகழ்ந்தால் போதும், பீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவான்.

"அந்த மாதிரி தள்ளு-இழு கிடைச்சா எங்க வீட்டுப் பூனை கூட வாசிக்கும்ப்பா. அது தானா வாசிக்குது. ஓலீட்டா பக்கத்துல உக்காந்து துணைக்கு இருக்கா."

எல்லாரும் சிரிப்பார்கள். ஓலீட்டாவும் சிரிப்பாள். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அதே கேலி. வருஷம் தவறாமல் அந்தக் கிடாரை விலைக்கும் கேட்பான். அவள் மாட்டேன் என்பாள். நாங்கள் அதை விளையாட்டு என்றே நினைத்திருந்தோம். அந்தக் கேலி அவளுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பது ஆல்வினுக்கே எழுபத்தெட்டாம் வருஷம் ஆகஸ்ட் மாதம்தான் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாட்ஜ் ஹாலில் சுற்றுவட்டார ஸ்டீல்காரர்கள் கூட்டம். மதியம் மாட்டிறைச்சியும் சாசேஜும் கசகசா வைத்த கொலாச் பன்னும் முடிந்ததும் ஒரு பரீட்சை என்று ஏற்பாடு. லாட்ஜின் தலைவர் ஃப்ளாய்ஸ் டிட்வெல்லின் யோசனை அது. மேடைத் திரைக்குப் பின்னால் நாலு விதமான கிடார்கள். ஒரே ஆள், ஒரே வால்ட்ஸ் பாட்டு, ஒரே ஆம்ப்ளிஃபயர். எது எது என்று வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் காதை வைத்தே தாளில் எழுதிச் சொல்ல வேண்டும். ஒன்று ஓலீட்டாவின் தள்ளு-இழு. இரண்டாவது ஃப்ளாய்ஸின் பழைய கேபிள் கிடார். சைக்கிள் பிரேக் மாதிரி ஒயர்களால் இழுபடுவது. மூன்றாவது டப் புதிதாக வாங்கிய கிடார். அதில் ஏற்றுவதும் இழுப்புதான், இறக்குவதும் இழுப்புதான். பக்கவாட்டில் ஒரு சின்னச் சாவியைத் திருகினால் சுதி சேர்ந்துவிடும். நாலாவது, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கென்று செய்த மலிவுப் பெட்டி. மூன்று பெடல், ஒரே ஒரு முட்டி லீவர்.

வாசிக்க வேண்டியவன் ஆஸ்டினிலிருந்து வந்த ரேபர்ன் ஸ்டாக்ஸ். கை நல்ல கை. கோளாறு காலில் வந்தது.

ஸ்டீல்காரர்களில் இரண்டு கட்சி உண்டு. முதல் மூன்று பெடல்களையும் இடமிருந்து வலமாக அடுக்குகிறவர்கள் ஒரு கட்சி, வலமிருந்து இடமாக அடுக்குகிறவர்கள் இன்னொரு கட்சி. ஒருவர் பாதத்தை இடப்பக்கம் சாய்த்தால் வருவது மற்றவருக்கு வலப்பக்கம் சாய்த்தால்தான் வரும். எந்தக் கட்சியில் பழகினீர்களோ அதிலேயே ஆயுசுக்கும் இருக்க வேண்டியதுதான், கால் கேட்காது. ஓலீட்டாவின் கிடாரும் மலிவுப் பெட்டியும் இடப்பக்கக் கட்சி. ஃப்ளாய்ஸுடையதும் டப்புடையதும் வலப்பக்கம். இதை யாரும் யோசிக்கவே இல்லை. சாப்பாட்டுக்கு முன்னால் ஹாலில் யாருமில்லாதபோது ரேபர்ன் டப்பின் கிடாரில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தான். வால்ட்ஸ் சந்தோஷமாக இறங்கி உட்கார வேண்டிய இடத்தில் பழக்கதோஷத்தில் பாதம் இடப்பக்கம் போனது. கல்யாணப் பாட்டு நடுவில் ஒப்பாரி வந்து விழுந்த மாதிரி இருந்தது. மறுபடி முயன்றான். மறுபடி ஒப்பாரி.

ஃப்ளாய்ஸ் சமையற்கட்டுக்கு வந்து, கொலாச் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஓலீட்டாவின் முழங்கையைத் தொட்டார்.

"ஓலீட்டா, உனக்கு ரெண்டு கட்சியும் வருமில்ல?"

வரும். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பழகியது வலப்பக்கக் கேபிள் கிடார். ஆல்வின் வாங்கிக் கொடுத்த தள்ளு-இழு இடப்பக்கம். அதில் பெடல் வரிசையை மாற்ற வேண்டுமென்றால் வயிறு முழுவதையும் பிரித்துப்போட வேண்டும் என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டான். "கிடாரை மாத்த முடியலன்னா காலை மாத்திக்கறேன்" என்று சொல்லி, வயிற்றில் பிள்ளையோடு, ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இடது காலுக்கு மறுபடி பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள். எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை.

"வரும். அதுக்கென்ன?"

"நீ வாசிச்சுடேன். ரேபர்ன் பின்னால நிக்கட்டும். ஆளு மாறினது வெளில தெரிய வேணாம், கேலி பண்ணுவாங்க பாவம்."

ரேபர்ன் பின்னாலேயே வந்து நின்றான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. "மிஸ் ஓலீட்டா, என் மானத்தைக் காப்பாத்துங்க."

ஓலீட்டா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். ஆல்வினைப் பின்வாசல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஆல்வின், இன்னிக்குத் தெரிஞ்சுடும்."

"என்ன தெரிஞ்சுடும்?"

"கிடாரா, நானான்னு. அந்த மலிவுப் பெட்டில என் வாசிப்பு செத்துப்போச்சுன்னா டப் சொல்றது உண்மை. அப்புறம் எனக்கெதுக்கு அந்தக் கிடார்? நாளைக்கே அவன்கிட்ட குடுத்துடறேன். சும்மா சொல்லல."

ஆல்வின் அவள் முகத்தைப் பார்த்தான். சும்மா சொல்லவில்லை என்று தெரிந்தது.

"பைத்தியமா கண்ணு உனக்கு? அந்தப் பெட்டி விறகுக்குக் கூட ஆகாது. அதுல யாரு வாசிச்சாலும் செத்துத்தான் போகும்."

"பாப்போம்."

எங்கள் ஹாலின் திரையில் அந்தக் காலத்துக் கடைகளின் விளம்பரங்கள் வண்ணத்தில் எழுதியிருக்கும். தீவனக் கடை, பஞ்சு அரவை மில், சவப்பெட்டியும் சாப்பாட்டு மேஜையும் ஒரே இடத்தில் விற்கிற கடை. ஓலீட்டா போய் உட்கார்ந்த இடம் சரியாகச் சவப்பெட்டி விளம்பரத்துக்குப் பின்னால். "சகுனம் பிரமாதம்" என்றான் ஆல்வின். அவள் சிரிக்கவில்லை.

ஃப்ளாய்ஸ் வெளியே போய், நாலு கிடாரும் சீட்டுக் குலுக்கிப் போட்ட வரிசையில் வரும், வாசிப்பவர் ரேபர்ன் ஸ்டாக்ஸ் என்று கணீரென்று பொய் சொன்னார். கைதட்டல்.

முதலில் வந்தது அவளுடைய சொந்தக் கிடார். அதில் அவள் யோசிக்கவே வேண்டியதில்லை. ஒவ்வொரு சுரமும் சொன்னபடி எழுந்து சொன்னபடி உட்கார்ந்தது. வால்ட்ஸ் முடிந்ததும் திரைக்கு வெளியே பென்சில்கள் கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

இரண்டாவது கேபிள் கிடார். பெடல் கனமாக இருந்தது; ஒயர் நீண்டு கொடுத்ததால் ஒவ்வொரு மிதியும் கொஞ்சம் தாமதித்தே போய்ச் சேர்ந்தது. அதை உத்தேசித்து முன்கூட்டியே மிதித்தாள். மேல் தந்திகளில் நல்ல வெயில் நேரத்துத் தகரக் கூரை மாதிரி ஒரு பளபளப்பு. பாதம் வலப்பக்கம் சாய்ந்தது, தகராறு பண்ணவில்லை. மறுபடி பென்சில்கள்.

மூன்றாவது டப்பின் புதுக் கிடார். அவள் மனசாட்சிக்கு விரோதமாகப் பேசுகிறவள் இல்லை: நல்ல கிடார். பெடல் பாதத்துக்கு அடியில் இருப்பதே தெரியவில்லை. லீவரை விட்டதும் தந்தி மயிரிழை பிசகாமல் பழைய இடத்துக்குத் திரும்பியது. சத்தமும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். தள்ளு-இழுவில் இருக்கிற அந்த அடிவயிற்றுக் கனம் மட்டும் கொஞ்சம் குறைவு. "இப்படி ஒண்ணு வச்சுக்கிட்டு அவன் ஏன் அப்படி வாசிக்கறான்?" என்று அவள் முணுமுணுத்தது ரேபர்னுக்கே கேட்டது.

நாலாவதாக அந்தப் பெட்டி.

உட்கார்ந்ததுமே கால் பெடலுக்கு எட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். முதல் பெடலை மிதித்துப் பார்த்தாள். மிதித்த வேகத்தில் கிடாரின் உடம்பே கொஞ்சம் வளைந்து கொடுத்தது. ஏற வேண்டிய தந்தி ஏறியது, ஆனால் சும்மா கிடந்த மற்றத் தந்திகள் எல்லாம் தொய்ந்து சுதி இறங்கின. இதில் எதை வாசிப்பது? பக்கத்தில் நின்ற ஆல்வின் தலையை ஆட்டி, "வேணாம், எழுந்துடு" என்று சைகை காட்டினான். அவள் பார்க்காத மாதிரி இருந்தாள்.

மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் எஃகு உருளையை நூலளவு முன்னால் நகர்த்தினால் தொய்ந்தது சரியாகும். காலை எடுக்கிற ஒவ்வொரு தடவையும் அதே நூலளவு பின்னால் வர வேண்டும். கையும் காலும் காதும் ஒரே நேரத்தில் ஒரே பொய்யைச் சொல்ல வேண்டும். அப்படித்தான் ஆரம்பித்தாள். முதல் சில அடிகள் நொண்டின. பிறகு அவள் கிடாரை நினைப்பதை விட்டுவிட்டாள். எத்தனையோ சனிக்கிழமைகளில் மேடையிலிருந்து குனிந்து பார்த்த கால்களை நினைத்தாள். பூட்ஸுகள், குதிகால் உயர்ந்த செருப்புகள், தூண் ஓரமாகத் திரும்பும்போது தடுமாறுகிற வயசான ஜோடிகள். அவர்களுக்கு வாசிக்கிற மாதிரி வாசித்தாள்.

இரண்டாம் சுற்றில் ஒரு சத்தம் கேட்டது. பென்சில் சத்தம் இல்லை. ஆடுகிற கால் வழுக்கிப் போகச் சோளமாவு தூவிய மரத்தரையில் செருப்புத் தோல் தேய்கிற சத்தம். முதலில் ஒரு ஜோடி. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியாதபடி.

"ஏய், இது பரீட்சைப்பா! உக்காருங்க! எழுதுங்க!" என்று ஃப்ளாய்ஸ் கத்தினார். யாரும் உட்காரவில்லை.

திரைக்குப் பின்னால் ஓலீட்டாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கையும் இரண்டு காலும் வேலையாக இருந்ததால் துடைக்க வழியில்லை. ஆல்வின் தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டான். வால்ட்ஸை அவள் மூன்று சுற்று கூடுதலாக வாசித்தாள்.

விடை சொல்லும் நேரம் வந்தது. ஆளுக்கொன்று சொன்னார்கள். பாதிப் பேர் நாலாவதைத்தான் ஓலீட்டாவின் தள்ளு-இழு என்றார்கள். டப் மட்டும் தன் மனைவி அர்லீனின் கையைப் பிடித்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு நடனத் தரையின் நடுவிலேயே நின்றிருந்தான்.

"முதல்ல வந்தது தள்ளு-இழு. ரெண்டாவது ஃப்ளாய்ஸோட கேபிள். மூணாவது என்னோடது. நாலாவது அந்த மலிவுப் பெட்டி."

"நாலும் சரி!" என்றார் ஃப்ளாய்ஸ்.

"இரு, முடிக்கல. நாலாவதுல பெடல் அமுத்தினப்பல்லாம் பெட்டி வளைஞ்சு தந்தி தொய்ஞ்சுது. வாசிச்ச ஆளு உருளையை மயிரிழை தள்ளித் தள்ளிக் காப்பாத்திட்டாங்க. அது ரேபர்னுக்கு வராது."

"அப்ப யாருங்கற?"

டப் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். அர்லீன் அவன் விலாவில் இடித்தாள். "சொல்லேன், வாயில கொழுக்கட்டையா? எங்கிட்ட ஆடும்போதே சொன்னியே."

"எனக்கு வலது முட்டி சரியில்ல. எல்லாருக்கும் தெரியும்" என்றான் டப், யாரையும் பார்க்காமல். "அந்தத் தூண்கிட்ட திரும்பும்போது அரைத் தாளம் பிந்திடுவேன். எந்த ஊர் பேண்டுக்கு ஆடினாலும் அந்த இடத்துல அர்லீன் காலை மிதிச்சுடுவேன். இங்க மட்டும் மிதிச்சதில்ல. ஏன்னா இங்க வாசிக்கறவங்க அந்த இடத்துல எனக்காகக் கொஞ்சம் நிப்பாங்க. இப்பவும் நின்னாங்க. நாலு கிடார்லயும் நின்னாங்க, உக்காந்து கேட்ட மூணுலயும் அது காதுல விழுந்துது. ரேபர்னை வரச் சொல்லாத. ஓலீட்டாவ வரச் சொல்லு."

ஃப்ளாய்ஸ் திரையை ஏற்றினார். தீவனக் கடையும் சவப்பெட்டிக் கடையும் சுருண்டு மேலே போயின. மலிவுப் பெட்டிக்குப் பின்னால் ஓலீட்டா உட்கார்ந்திருந்தாள், சமையற்கட்டு ஏப்ரனோடு, மூக்கு சிவந்து. ஹாலில் எழுந்த கூச்சலில் கூரைச் சட்டத்துப் புறாக்கள் கலைந்து பறந்தன. ரேபர்ன்தான் எல்லாரையும் விடச் சத்தமாகக் கைதட்டினான்.

டப் நொண்டிக்கொண்டே மேடைக்குப் பக்கத்தில் வந்தான்.

"சரி ஓலீட்டா. விறகுப் பெட்டிலயே இப்படி வாசிக்கறவளுக்கு அந்தத் தள்ளு-இழு எதுக்கு? இப்பவாவது எனக்குக் குடுத்துடேன்."

"போடா!" என்றாள் ஓலீட்டா. இப்போது தாராளமாகச் சிரித்தாள். "அது என் கிடார். அது எனக்குத்தான். உன்னுது நல்ல கிடார் டப், வாசிச்சுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். போய் நல்லா வாசிக்கப் பழகு."

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு மைக்கைக் கம்பத்திலிருந்து கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"இதுல சொல்லு."

"என்ன சொல்ல?"

"யாரு வாசிச்சதுன்னு."

டப் மைக்கை வாங்கினான். தொப்பியைக் கழற்றினான். "நாலு கிடாரையும் வாசிச்சது ஓலீட்டா மாரெக்" என்றான். ஹாலின் நாலு மூலையிலும் அது போய் மோதியது. "கிடார் இல்ல. ஓலீட்டா."

மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனான். ஓலீட்டா வாங்கவில்லை.

"சமையற்கட்டுல இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது" என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லு."